கிளிக்கு வைத்த வெடி

காமயகவுண்டன்பட்டியில் என் மாமனாரின் திராட்சைத் தோட்டத்தில் கிளி விரட்ட வெடி போடும் காவல்காரர் அவர். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். கல்லூரியில் நான் எடுக்கும் வகுப்புக்காக, விமானப் போர் முறையை முதன்முதலில் வகுத்த தளபதிகளை அங்கே உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரியின் ஆலைகள்மேல் குண்டு போடச் சொன்னார் ஒருவர். ஊர்மேல் போட்டால் சனங்கள் பயந்து பணிவார்கள் என்றார் இன்னொருவர். இதைக் காவல்காரரிடம் சொல்லி, "சனங்க பணிஞ்சிருவாகளாண்ணே?" என்றேன்.

"கிளி ரெண்டு நாள் பயப்படும் சார். மூணாம் நாளு வெடிக்கு நடுவுலயே உக்காந்து திங்கும்."

"அப்ப வெடிய நிறுத்திருவீகளா?"

"எங்கிட்டு நிறுத்த? ஒங்க மாமா பெரிய வெடியா வாங்கிக் குடுத்தாக. அதுலதேன் இந்த எடது காது போச்சு."

பணியாத ஊர்களுக்குத் தளபதிகளும் பெரிய குண்டையே கேட்டார்கள் என்று மறுநாள் வகுப்பில் நடத்தும்போது, என் கை இடது காதில் இருந்தது.