ஒரு லயத்துக்கு ஒரு மெயில்

இணையத்துக்கு வரி போடலாமா, மெயிலுக்கு வரி போடலாமா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறை ரீசார்ஜ் செய்யும்போதும் வரியைப் பிடித்துக்கொண்டுதானே தருகிறான்? அதை ஒருத்தரும் பேசவில்லை. அணைத்துவிட்டேன். ஆனால் மனம் வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டது.

மூன்று கம்ப்யூட்டர், ப்ளைவுட் தடுப்பு, நனைந்த குடைகளின் வாடை. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்திலிருந்து ஆறு ஆண்கள் வளைகுடாவில் ஒரே கம்பெனியில், ஒரே அறையில் இருந்தார்கள். என் அக்கா வீட்டுக்காரரும் அதில் ஒருவர். ஆறு பேருக்கும் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவன் நான். டைப் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மனைவிமார் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவேன்.

ஒருநாள் ஒரு மெயில் வந்தது. இனி ஒவ்வொரு மெயிலுக்கும் அரசு வரி போடப்போகிறது, எதிர்ப்பவர்கள் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. எவனோ வேலையற்றவன் கிளப்பிய பொய். நான் நம்பித் தொலைத்தேன். லயத்திலும் போய்ச் சொன்னேன்.

ரேஷன் கடைக்கு ஒருத்தர் போய் லயத்துக்கே வாங்கி வருவது எங்கள் பழக்கம். மெயிலையும் அப்படியே முடிவு செய்தோம். ஆறு வீட்டுச் சேதியும் ஒரே மெயிலில். அங்கே ஒருவர் அதை அறையில் உரக்க வாசிப்பார். பதிலும் மொத்தமாக வரும். ஒருத்தி புருஷனிடம் முழங்கால் வலி என்று சொன்னால், பக்கத்துக் கட்டில்காரர் பதில் எழுதுவார்: "மதினி, வெந்நீர் ஒத்தடம் குடுங்க. ஒங்க வீட்டுக்காரன் கொறட்டையில எங்களுக்குத்தான் தலைவலி." வாசித்தால் பிரவுசிங் சென்டரே அதிரும். இன்றைய வாட்ஸ்அப்பில் அந்தச் சிரிப்பு கிடையாது. அதற்காக ஏங்குகிறேன், மறைக்கவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மச்சானின் ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, ஊருக்கு வரவா என்று கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா வாராவாரம், "சொகமா இருக்கோம்னு போடுலே" என்பாள். அவ்வளவுதான்.

"மச்சான் கேட்டதுக்குப் பதில்?"

"ஆறு ஆம்பளைக்கு முன்னால வாசிக்கதுக்கா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு. மற்ற ஐந்து பெண்களும் டீ குடிக்கப் போனதும் அக்கா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவுகளுக்குத் தனியா ஒண்ணு அனுப்பு."

"வரி போட்டுருவான்க்கா."

"போடட்டும்லே. எம் புருசனக் கூப்பிடுததுக்கு எவன் வரி கேக்கான்னு பாக்கேன். எம் மூஞ்சியப் பாக்காம அடி."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "கையெழுத்துப் போடாதீக. துட்டு போதும். ஒத்தையில முடியல. வந்துருங்க." அவள் சொன்னபடியே அடித்தேன். அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு பதில் இருந்தது. "டிக்கெட் போட்டாச்சு." அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏட்டி, அப்படி என்னத்த எழுதுன? எங்க ஆளும் கெளம்புமா?"

"போங்கட்டி, சொகம்னுதான் எழுதுனேன்."

அன்றைக்கே ஐந்து பேரும் தனித்தனி மெயில் கேட்டார்கள். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் மற்றவர்களை வெளியே அனுப்பினேன். வரி வரவேயில்லை. ஒரு புரளியைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு பெண்களின் வாயைக் கட்டியவன் நான். அவர்களில் ஒருத்தியும் இன்றுவரை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும்.