சாப்பிடக் கூப்பிடுறவ

நெலிடா ஓயார்சூன் சூதாட்ட மெஷின் வரிசைக்கு நடுவுல நடந்துகிட்டே குனிஞ்சு ஒரு காதுல சொல்றா: "ஒடிலியாக்கா, காலையில ஒண்ணும் சாப்பிடலதானே? கறி வச்ச எம்பனாதா ரெண்டு அனுப்புறேன். கையைத் துடைச்சுட்டு ஆடுங்க, பட்டனெல்லாம் பிசுபிசுங்குது." அந்தம்மா திரும்பாமலே, "போடி, என்னைப் பெத்தவகூட இவ்வளவு நச்சரிக்கல"ங்குது. நெலிடா அடுத்த நாற்காலிக்குப் போயாச்சு.

இக்கிகே துறைமுகத்துக்கு மேல இருக்கிற கேசினோவுல பத்தொன்பது வருஷமா அவளுக்கு இதுதான் வேலை. வாடிக்கையா வர்றவங்களைக் கவனிச்சுக்கணும். யாருக்கு உப்பு ஆகாது, யார் பக்கத்துல யாரை உட்கார வச்சா சண்டை வரும், எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு. இலவசச் சாப்பாட்டுச் சீட்டுக் கட்டு கோட்டுப் பையில. யாருக்குக் கிழிச்சுக் குடுக்கலாம்னு கம்ப்யூட்டர் சொல்லும். அது வேணாம்னு சொன்ன ஆளுக்கும் சில நாள் கிழிச்சுக் குடுப்பா.

நான் அங்க தட்டு தூக்குறவன். ஒரு காலத்துல சங்கமும் கட்டினேன். நேராவே சொல்லிடுறேன், அங்க இலவசம்னு ஒண்ணும் கிடையாது. மத்தியானம் குடிக்கிற சூப்புக்குக் காலையிலேயே காசை மெஷின் வாயில போட்டாச்சு. இதை நோட்டீஸா அடிச்சு வாசல்ல நின்னு குடுத்தோம். நெலிடா ஒண்ணு வாங்கி, நின்ன இடத்துலயே கடைசி வரி வரைக்கும் படிச்சா. "எல்லாம் சரிதான் தோழர். இவங்களுக்கு வீட்ல 'சாப்டியா'ன்னு கேட்க ஆள் இல்லையே, அதுக்கு உங்க சங்கத்துல என்ன வச்சிருக்கீங்க?" அவ சங்கத்துல சேரல.

ரெண்டு மணிக்கு மேல போன் வேலை. ஒரு மாசமா வராதவங்க பட்டியல் மேசைக்கு வந்துடும். 'விளையாட வாங்க'ன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது, அது அங்க சட்டம். சாப்பாட்டைச் சொல்லித்தான் கூப்பிடணும். இதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. அவ பத்துப் பேரைக் கூப்பிட்டா ஏழு பேர் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துடுவாங்க.

போன ஏப்ரல்ல ரொசாமெல் பேரு பட்டியல்ல வந்துச்சு. துறைமுகத்துல கிரேன் ஓட்டின பெரியவர். பொண்டாட்டி செத்ததுல இருந்து தினமும் வந்தாரு. கொங்ரியோ மீன் சூப்னா உசுரு. அவரோட மக ஒருநாள் வேலையாளுங்க வர்ற வாசல்ல வந்து நின்னா. அப்பா வண்டியை வித்தாரு, அம்மாவோட தையல் மெஷினை வித்தாரு, இப்பதான் வீட்ல உட்கார்ந்து சாப்பிடுறாருன்னு நெலிடாகிட்ட சொன்னா. "நீங்க மட்டும் கூப்பிட்டுடாதீங்க. நீங்க கூப்பிட்டா வந்துடுவாரு."

நெலிடா மூணு வாரம் அவர் பேருக்கு நேரா 'எடுக்கல'ன்னு எழுதினா. மேலாளர் பிராடேனாஸ் போன் கணக்கைப் பார்த்துட்டான். அந்த நம்பருக்கு அழைப்பே போகல. மேசைக்கு வந்து, "என் முன்னால இப்ப போன் போடு, இல்ல கோட்டைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு"ன்னான். அம்பத்தாறு வயசுல அந்த ஊர்ல அவளுக்கு வேற வேலை எவன் தருவான். நம்பரைப் போட்டா. ஸ்பீக்கரை அவனே அமுக்கினான்.

"நெலிடாவா?" பெரியவர் குரல்ல அவ்வளவு சந்தோஷம். "மகளே, எத்தனை நாளாச்சு. இன்னைக்குக் கொங்ரியோ சூப் இருக்கா?"

அந்த நேரம் பார்த்து நான் சமையக்கட்டுல இருந்து நாலு கிண்ணம் அதே சூப்போட வெளியில வர்றேன். கரண்டியெல்லாம் கிணுகிணுங்குது. நெலிடா என் பக்கம் திரும்பாமலே, நில்லுங்கிற மாதிரி உள்ளங்கையை நீட்டினா. நின்னுட்டேன்.

"இல்லைங்கய்யா. இப்ப அது போடுறதில்ல. செஞ்சவர் போயிட்டாரு."

பிராடேனாஸ் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அடடா. வேற என்ன இருக்கு?"

"உங்க வாய்க்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. வீட்ல இன்னைக்கு என்ன?"

மக பருப்புல என்னென்ன போட்டான்னு அவர் ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சாரு. பூசணி, தொத்திறைச்சி, கொஞ்சம் சீரகம். சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை இறங்கல.