மருந்தை விடச் சொன்ன நோட்டீஸ்

சார்ஜ் எடுத்த பத்தாம் நாளே என் மேசை மேல் ஒரு பண்டல் நோட்டீஸ் வந்து விழுந்தது. எண்பதுகளின் நடுவில், பெரம்பலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் எக்ஸ்டென்ஷன் எஜுகேட்டர். புரிகிற மாதிரி சொன்னால், ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கத்துகிறவன். காலேஜ் பையன்களிடம் கஞ்சாவும் தூக்க மாத்திரையும் பரவுகிறது என்று மேலே யாருக்கோ திடீரென்று உறைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு எங்கள் டாக்டர் ஆலோசனை சொல்வார், வருகிறவர் பெயர் வெளியே போகாது என்று நோட்டீசின் அடியில் போட்டிருந்தது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. மேலே இருந்ததைப் படித்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

'மருந்துப் பழக்கத்தை ஒழிப்போம்! தினமும் மருந்து இல்லாமல் இருக்க முடியவில்லையா? நீங்கள் மருந்துக்கு அடிமை. இன்றே நிறுத்துங்கள்!'

இங்கிலீஷில் ஒருத்தர் 'டிரக்' என்று எழுத, இன்னொருத்தர் அதை மருந்து என்று தமிழாக்க, மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு புண்ணியவான்கூட வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. நோட்டீசை அனுப்பிய ஆபீசருக்குப் போன் போட்டேன்.

"சார், ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க. கஞ்சான்னே போட்டுடலாமே?"

"கவர்மென்ட் நோட்டீஸ்ல கஞ்சான்னு போடுறதா? அசிங்கமா இல்ல? டிரக்னா மருந்துதானேய்யா, டிக்‌ஷனரியப் பாரு. வந்தத வந்தபடி குடு, போ."

கொடுத்தேன். வேப்பந்தட்டை வரைக்கும் மைக்கில் அதையே படித்தேன்.

முதல் செவ்வாய்க்கிழமை கூட்டம் வந்தது. எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல் வயசு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு பெரியவர், "விட்டுடலாங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டார். பருத்திக்காரர் ஒருத்தர், "பூச்சி மருந்து அடிக்காம எப்புடிங்க வெள்ளாம எடுக்குறது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பையன் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டரும் நானும் டீ குடிக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கே போய் ஒட்டின நோட்டீசையெல்லாம் கிழித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன் பாருங்கள், அது என் தப்பு. ஆபீசர் தலையில் கட்ட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பெயர் மல்லிகா, பதினேழு வயசு. வலிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. நடுவில் நினைவே திரும்பவில்லை. டாக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே அவள் அப்பா ரங்கசாமியைப் பார்த்துக் கத்தினார்.

"மூணு வருசமா வலிப்பே வராம இருந்த பொண்ணுய்யா! மாத்திரை குடுத்தியா இல்லியா?"

"நிறுத்திட்டேங்க. தெனமும் மாத்திரை இல்லாம இருக்க முடியலன்னா அடிமைன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சுங்க. நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போற புள்ளையாச்சேன்னு..." சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "இந்த சாருதாங்க மைக்குல சொன்னாரு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மைக்கை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் அதே ஜீப்பில் பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். இந்தப் பிள்ளை செத்தால் கொன்றவன் நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த டிக்‌ஷனரி கையில் கிடைத்திருந்தால் கொளுத்தியிருப்பேன்.

மறுநாள் காலையில் மல்லிகா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதும் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். அவள் அண்ணன் செல்வம் பக்கத்தில் வந்து நின்றான். அரியலூரில் காலேஜ் படிக்கிறவன். கண் சிவந்திருந்தது, அழுத சிவப்பு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது சார். அந்த நோட்டீஸ நாந்தான் படிச்சுக் காட்டுனேன்."

"படிச்சவன் ஒனக்காச்சும் புத்தி வேணாமாடா? தங்கச்சி மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாங்களா?" எரிந்து விழுந்தேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் ரெண்டு வருசமா கஞ்சா அடிக்கிறேன் சார். எல்லாத்தையும் சத்தமாப் படிச்சேன். அது எனக்குன்னு தோணவே இல்ல சார்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கம்பவுண்டரும் நானும் ஊர் ஊராகப் போய் நோட்டீசுகளைக் கிழித்தோம். கஞ்சா, தூக்க மாத்திரை என்று பச்சையாக எழுதி, 'டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று கீழே பெரிதாகப் போட்டு ஒட்டினேன். அரசு வாசகத்தைத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு ஆபீசரிடமிருந்து மெமோ வந்தது. பெண் வலிப்பில் கிடந்ததற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே செல்வம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த மாதம் சிநேகிதன் ஒருத்தனையும் இழுத்து வந்தான்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுதினதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், அது யாருக்காக எழுதினதோ அவன் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போது, இது தன்னைத்தான் சொல்கிறது என்று உறைத்து அவன் குரல் ஒரு இடத்திலாவது தடுமாற வேண்டும். தடுமாறாமல் கடகடவென்று படித்து முடித்தான் என்றால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.