திருப்பதி டு ராஜமுந்திரி, ஒன்றேகால் மணி நேரம்

கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் என் லைனில் வேலை செய்யும் சீனுவுக்கு ராஜமுந்திரிப் பக்கம் ஊர். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் லீவு கேட்டார்.

நான் சூப்பர்வைசர் அல்லவா? ராஜமுந்திரிக்கு எவ்வளவு நேரம் என்று உடனே போனில் தேடினேன். முதலில் வந்ததை அப்படியே படித்தேன்.

"திருப்பதி ஏர்போர்ட்லேந்து ஒன்னேகால் மணி நேரம்தான் காட்டுது. இதுக்கு இன்னாத்துக்கு மூணு நாளு? ஒரு நாள் போதும், போய்ட்டு வா."

அவர் தலையாட்டிவிட்டு அன்று ராத்திரியே கிளம்பினார்.

இன்று காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, பையோடு நேராக ஷிப்டுக்கு வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா எப்டி கீறாங்க?"

"பத்து நிமிஷம் பாத்தேன் சார். மயக்கம் தெளியல. அதுக்குள்ள ரயிலுக்கு டைம் ஆயிட்ச்சு."

"இன்னாப்பா, கண்ணு முழிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்திருக்கலாமே?"

"நீங்க ஒரு நாள்தான சார் சொன்னீங்க. அந்த ஒன்னேகால் மணி நேரம் மேல பறந்து போறவங்களுக்கு. நான் கீழ, ஜெனரல்ல நின்னுக்கினு போனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இத்தனைக்கும் நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. அடுத்தவர் லீவு கேட்டால் மட்டும் பறக்கவிட்டுவிடுகிறோம். நான் மட்டும்தானா, நீங்களும் உண்டா?