நிஷாந்தியின் வெள்ளைத் திரை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில்தான் அந்தக் குடும்பம் இருந்தது. தாய் அங்கம்மா, மகன் யோகராஜ், மகள் நிஷாந்தி. யோகராஜுக்கு வாய் பேசுமுன் கை பேசிவிடும். அவன் தங்கையை அடிக்கும் சத்தம் என் முகட்டில்தான் விழும். நான் கூட்டும் தும்புத்தடியால் முகட்டை இடிப்பேன். கொஞ்ச நேரம் அடங்கியிருப்பான்.

காலி வீதி என்ற பெருந்தெருவில் அவன் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். யாரோ ஒரு பையன் நிஷாந்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினான் என்று அவளுடைய போனைச் சுவரில் அடித்துச் சிதறடித்தான். அடுத்த அடி அவள் கன்னத்தில். பிறகு வீட்டு டெஸ்க்டொப்பில் இருந்த, இணையம் பார்க்கும் பிரவுசர்களையெல்லாம் அழித்துவிட்டு, “இனி எவனோட கதைக்கிறாய் எண்டு பாப்பம்” என்றான். எழுத்துகள் மட்டும் ஓடும் ஒரு கறுப்புத் திரையை விட்டுவைத்தான். அது அவள் கணினிக் கோட் எழுதும் எடிட்டர், அவளுடைய பிழைப்பு. அதற்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசர் இருப்பது போன்கடை அண்ணருக்குத் தெரியாது.

யாரோடும் கதைக்க அல்ல, தான் செய்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே அவள் அதைப் பாவித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரத்துக்குள் ஒரு கலியாண உடுப்புக் கடையின் பக்கத்தை முடித்து, வீட்டிலிருந்து செய்ய வேலை தந்த அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பினால் வேலை நிரந்தரம், கிருலப்பனையில் அலுவலகப் பெண்களோடு ஓர் அறை. அடி இல்லாத அறை. அனுப்பாவிட்டால் இதே வீடு, இதே கை.

அன்று காலையில் எடிட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பின் உள்ளிருந்த பிரவுசரில் வெறும் வெள்ளை. பக்கத்தைப் பார்க்காமல் அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் வெட்டுவது மாதிரி என்று பின்னர் எனக்குச் சொன்னாள். தேடிப் பார்க்க வேறு பிரவுசர் இல்லை. கீழே வந்து என் போனைக் கேட்க அங்கம்மா விடமாட்டாள். மூடித் திறந்தாள், கணினியை அணைத்து மறுபடி போட்டாள், வெள்ளை போகவில்லை. கடைசியில் எடிட்டர் எழுதிவைத்திருந்த பிழைக் குறிப்புகளை வரி வரியாக வாசித்தாள். படம் காட்டும் கிராபிக்ஸ் கார்ட் விழுந்து விழுந்து எழும்புகிறது என்று அங்கே திரும்பத் திரும்ப இருந்தது. பழைய கார்ட், புதுப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. அந்தக் கார்டைப் பாவிக்காமல் ஓடும்படி எடிட்டரின் அமைப்பில் ஒரு வரியை மாற்றி மறுபடி திறந்தாள். பக்கம் வந்துவிட்டது. கோட் சூட் போட்ட மாப்பிள்ளை ஒருவன் திரை நிறையச் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து யோகராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான்.

“ஆரடி இவன்?”

“உடுப்புக் கடையின்ர மொடல், அண்ணா. என்ர வேலை...”

முடிக்க விடவில்லை. தலைமயிரைப் பிடித்து அவள் முகத்தை மேசை விளிம்பில் மோதினான். உதடு பிளந்தது. எழும்பியவளை வயிற்றில் உதைத்தான். எனக்குக் கதிரை விழும் சத்தம் கேட்டது, பிறகு அங்கம்மாவின் குரல்.

“மெதுவா தம்பி, கீழ் வீட்டுக்குக் கேக்கும்.”

கேட்டது! தும்புத்தடி போதாதென்று அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

நான் போகும்போது அவன் மொனிட்டரைக் கையால் குத்தி நொறுக்கிவிட்டு, “முடிஞ்சுது உன்ர வேலை” என்று கத்திக்கொண்டு நின்றான். போன் திருத்துகிறவனுக்குக் கண்ணாடி போனால் சாமானே போன மாதிரி. மேசைக்குக் கீழே கணினிப் பெட்டி இரைந்துகொண்டுதான் இருந்தது, அவன் திரும்பியும் பார்க்கவில்லை. நிஷாந்தி கீபோர்டை இரண்டு கையாலும் ஓங்கி அவன் மூக்கில் அடித்தாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிய, வயர்களைப் பிடுங்கி, பெட்டியையும் கீபோர்டையும் அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள்.

“ஒரு அடி எடுத்து வெச்சிப் பாரு, மண்டய பொளந்துருவன்!” என்றேன். பிளந்துமிருப்பேன்.

என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பெட்டியை டீவியில் கொளுவினோம், இணையத்துக்கு என் போன். யோகராஜ் இறங்கி வந்து கதவை உதைத்தான். பக்கத்து வீட்டு ஆண்கள் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். நிஷாந்தியின் வாயிலிருந்து கீபோர்டில் இரத்தம் சொட்டியது. துடைத்துத் துடைத்துத் தட்டினாள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்து அனுப்பினாள். பிறகு என் போனில் அலுவலகத்துக்கு எடுத்தாள்.

“கிடைச்சுது நிஷாந்தி, நல்லாயிருக்கு. திங்கக்கிழமை வாங்கோ” என்றார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

சற்று நேரத்தில் அங்கம்மா கதவைத் தட்டினாள்.

“நிஷாந்தி, அண்ணான்ர கையில கண்ணாடி ஏறிப்போச்சு. ரத்தம் நிக்குதில்லை. வந்து கட்டிவிடு பிள்ளை.”

நிஷாந்தி கதவைத் திறந்து தாய்க்கு முன்னால் நின்றாள்.

“அம்மா, என்ர வாயைப் பாருங்கோ.”

அங்கம்மா பார்க்கவில்லை.

“அவன் இன்னும் சாப்பிடவும் இல்லை” என்றாள்.

நிஷாந்தி கதவைச் சாத்தினாள். சட்டை முழுக்க இரத்தம். பொலிஸுக்குப் போட்டுக்கொண்டு போக என்னிடம் ஒரு சட்டை கேட்டாள்.