பேத்திக்கு நான் கொடுத்த அலுமினிய உடம்பு

மேட்டுப்பாளையம் ரோட்டோரம், துடியலூரில், தகரக் கூரை போட்ட ஒற்றை லேத் பட்டறையைத் தனியாளாகக் கட்டினேன். இரும்பு டிரம்மை அறுத்து உலை கட்டினேன். அந்த உலையில் அலுமினியம் உருக்கி மோட்டார் பாடி வார்த்தேன். "அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் மோட்டார் செய்யறானாமா" என்று சிரித்தவர்களின் கிணற்றிலேயே அந்த மோட்டாரை வைத்துத் தண்ணீர் ஏற்றிக் காட்டினேன். சோமனூர்த் தறிகளுக்கு மோட்டார் கொடுத்தேன். மாடி வைத்து வீடு கட்டினேன். போத்தனூரில் நான் பிறந்த தெருக் கோயிலுக்கு அலுமினியத்தில் மணி வார்த்துக் கொடுத்தேன். சோற்றுப் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். மணி கேட்டுத்தானே திரும்பிப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, போன வைகாசியில், பேரன் கல்யாணத்தில் என் பேத்திக்கு ஒரு உடம்பு ஏற்பாடு செய்து கொடுத்தேன். நல்ல நேரம் தவறுவதற்குள். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பட்டறையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மோட்டாரையும் ஓட விட்டுப் பின்னங்கையை வைத்துப் பார்ப்பேன். கை நின்றால் மோட்டார் வண்டி ஏறும். கை பதறினால் மோட்டார் உள்ளே திரும்பும். இதற்கெல்லாம் மீட்டர் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். மீட்டர் ரிப்பேராகும். என் கை இதுவரை ரிப்பேரானதில்லை.

ஆனால் செல்போனும் சூடாகும் என்பதை என் கை எனக்குச் சொல்லவில்லை, நெஞ்சுதான் சொன்னது. ஒரு நாள் உச்சி வெயிலில் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தபடி வழி சொல்லிக்கொண்டு வந்த போனை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டேன். நாலு எட்டு வைக்கவில்லை, இடது நெஞ்சில் சுரீரென்றது. முடிந்தது கதை என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டம்மா ஓடி வந்தாள்.

"நெஞ்சு எரியுது. பசங்களுக்குச் சொல்லிப்போடு. பட்டறைச் சாவி சாமி படத்துக்குப் பின்னாடி இருக்குது. பெரியவனுக்கு லேத்து, சின்னவனுக்கு..."

அவள் போன் போடுவதற்காக என் சட்டைப் பைக்குள் கை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து உதறினாள்.

"ஏனுங்க, உங்க நெஞ்சு நல்லாத்தான் இருக்குது. போனுக்குத்தான் காச்சலு."

சின்னவனுக்கு என்ன கொடுக்க நினைத்தேன் என்று அவன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அது கிடக்கட்டும். அன்றிலிருந்து எந்தப் போனை யார் நீட்டினாலும் முதலில் பின்னங்கையை வைத்துவிட்டுத்தான் வாங்குவேன்.

இப்போது பேத்தி. என் மகளுக்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. பெண் மூத்தவள், கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காளோ தங்கையோ மணையேறிச் செய்யும் ஒரு சீர் உண்டு. இணைச்சீர் என்போம். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். அது முடியாமல் தாலி கட்டப் போக மாட்டோம். பாவாடை கட்டிய வயசிலிருந்தே என் பேத்தி, "தம்பி கல்யாணத்துல நாந்தான் மணையேறுவேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். தம்பிக்குக் கல்யாணம் கூடிய நேரம் பார்த்து அவள் நிறைமாசம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருமகனின் அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள். நல்ல பெண்தான். அவளை மணையேற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. பேத்தி எனக்குப் போன் போட்டு அழுதாள்.

"அப்பிச்சி, எனக்குப் பதிலா அவளெ ஏத்திப்போடாதீங்க. நான் போன்லயாச்சும் ஏறிக்கறேனுங்க."

"நீதான் ஏறறே கண்ணு. அப்பிச்சி இருக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அருமைக்காரர், அதாவது எங்கள் சீர்களைச் செய்து வைக்கும் பெரியவர், வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஏறட்டுங்க. ஆனா சீருக்கு நிக்கறவ பட்டு கட்டோணும், பூ வெக்கோணும், பொட்டு வெக்கோணும். இன்னொன்னுங்க, மணையில ஏறினவளெப் பாதியில எறக்கிப்போட்டு வேற ஆளெ ஏத்தறது ஆகாது."

யாருக்கும் ஆட்சேபனை இல்லை. தப்பு அங்கேதான் நுழைந்தது.

கல்யாணத்தன்று காலையில் பெண்கள் ஆளுக்கொரு கை போட்டு மருமகனின் போனுக்கு அலங்காரம் செய்தார்கள். பித்தளைச் செம்பின் மேல் போனை நிறுத்தி, சரிகைப் பட்டை மடிப்பு மடிப்பாகச் சுற்றி, அதன்மேல் நாலு முழம் மல்லிகைப் பூவைச் சுற்றி, விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பேத்தியின் முகம் மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பது போலத் தெரிந்தது. சார்ஜர் ஒயர் கொசுவத்துக்குள் புகுந்து போனது. எதிரே வீடியோக்காரரின் இரண்டு பெரிய விளக்குகள். விடியற்காலையிலிருந்தே போன் ஓடிக்கொண்டிருந்தது. மணையேற இன்னும் நேரம் இருந்தது. பேத்தி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, அந்தச் சேலை எங்க எடுத்தீங்..."

அவ்வளவுதான். முகம் போய், இங்கிலீஷில் நாலு எழுத்து வந்து, போன் கருத்துவிட்டது. சூடு தாங்கவில்லை, ஆறிய பிறகுதான் வரும் என்று மருமகன் படித்துச் சொன்னார். அவர் காலேஜில் கம்ப்யூட்டர் நடத்துகிறவர்.

உடனே மகளின் போனை எடுத்தார்கள். அதே பட்டு, அதே பூ, அதே பொட்டு. அதுவும் கொஞ்ச நேரத்தில் மயங்கிவிட்டது. மண்டபத்தில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் இளநீர் மட்டைக்குள் வைக்கச் சொன்னார். ஒருவர் விபூதி போடச் சொன்னார். மருமகன் தன் போனைக் கொண்டுபோய், பந்தியில் ஐஸ்கிரீம் கொடுக்கிறவரின் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார். அரை வாளி வெண்ணிலாவின் பக்கத்தில் என் பேத்தி. எடுத்தபோது உயிர் வந்திருந்தது. ஆனால் கேமரா முழுக்க ஆவி.

"அப்பா, கல்யாணத்தெ ஊட்டிக்கு மாத்திப்போட்டீங்களா? ஒரே பனியா இருக்குதுங்க."

துடைத்துப் பட்டைச் சுற்றினார்கள். மறுபடியும் கொதிக்கத் தொடங்கியது. அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போகுதுங்க. அந்தப் புள்ளையெ வேணா ஏத்தீரலாமுங்களா?" என்றார். மருமகனின் அண்ணன் மகள் பட்டும் பூவுமாக ஏற்கெனவே மேடையோரம் வந்து நின்றிருந்தாள். போன் திரையில் பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் போய்ப் போனின் முதுகில் பின்னங்கையை வைத்தேன். கை நிற்கவில்லை. மருமகனைப் பார்த்துச் சொன்னேன்:

"மாப்ளெ, இது மோட்டாரா இருந்தா நான் பட்டறையெ உட்டே வெளிய உட மாட்டேன்."

"வீடியோ கால், சார்ஜர், வெளக்கு எல்லாம் சேந்துதான் மாமா. சார்ஜரைப் பிடுங்கி, வெளிச்சத்தெக் கொறச்சு, பின்னாடி கவரைக் கழட்டினா..."

"அதெயும் செய்யுங்க. மொதல்ல அந்தச் சேலையெ அவுத்து உடுங்க. காத்தே போகாம பட்டெச் சுத்திப்போட்டு ஓடு ஓடுன்னா எது ஓடும்?"

சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். என் கார் டிக்கியில் எப்போதும் ஒரு மோட்டார் பாடி இருக்கும். கல்யாணமோ காதுகுத்தோ, யாராவது மோட்டார் பேச்சை எடுத்தால் காட்ட வேண்டாமா? அலுமினிய வார்ப்பு. வெளிப்பக்கம் முழுக்க வரிசையாகத் தகடு தகடாக நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதற்கென்றே வார்க்கிற தகடுகள். பக்கவாட்டில் ஒயர்ப் பெட்டி மாட்டுவதற்காக ஒரு இடத்தை மட்டும் மட்டமாகக் கடைந்திருப்போம். உள்ளங்கையளவு, கண்ணாடி மாதிரி. அதை நான்தான் கடைந்தேன். போனுக்காகவே கடைந்தது போல இருந்தது.

பட்டு வேட்டியோடு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பதறி எழுந்தார்.

"ஏனுங்க, மண்டபத்துப் போர் மோட்டாரு போயிருச்சுங்களா? கை கழுவத் தண்ணி வருமுங்களா?"

"போர் மோட்டாரு இல்லீங்க. பேத்தி."

மணையின் மேல் மோட்டார் பாடியை நிறுத்தினேன். காலோடு வார்த்த பாடி, அசையாமல் நின்றது. கவரைக் கழற்றிய போனின் முதுகை மட்டமான இடத்தில் ஒட்டினாற்போல வைத்து, மோட்டாரின் கம்பிச் சுருளைக் கட்டும் நாடாவால் மேலும் கீழும் கட்டினேன். நாடாவும் டிக்கியில்தான் இருந்தது. சமையற்கட்டிலிருந்து காற்றாடி ஒன்றை இழுத்து வரச் சொல்லித் தகடுகள் பக்கம் திருப்பினேன். மருமகன் விளக்குகளில் ஒன்றை அணைக்கச் சொன்னார். அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பின்னங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

அருமைக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "எல்லாஞ் செரிங்க. பட்டுக் கட்டாம மணையேறப்படாதுன்னு சொன்னேனுங்களே. இப்படி வெறும் மேனியாவா உக்கார வெக்கறது?"

சுற்றினால் போன் போகும், சுற்றாவிட்டால் சீர் போகும். அப்போது கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டம்மா, எழுந்திருக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, அவதான் அங்க பட்டுக் கட்டீட்டு நிக்கறாளே. போனுக்கு எதுக்குங்க தனியா ஒரு சேலை?"

அருமைக்காரர் போனுக்கு முன்னால் குனிந்தார். "அம்மணி, சித்தெ தள்ளி நில்லு, பாக்கலாம்."

பேத்தி தயங்கித் தயங்கிப் பின்னால் போய் நின்றாள். பட்டுச் சேலைதான், கொசுவ மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் தடிமனான கம்பளிச் சட்டை. தலையில் பூவுக்கு மேல் குரங்குக் குல்லாய். காலில் உறை.

"இங்க குளிருங்க தாத்தா. கையெல்லாம் வெறைக்குது."

அங்கே அவளுக்குக் குளிர், இங்கே அவளுக்குக் கொதிப்பு. அருமைக்காரர் ஒரு சுற்று சுற்றச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

"குல்லாயெ மட்டும் எடுத்துப்போடு கண்ணு. சேலை செரிங்க. ஆரம்பிக்கலாம்."

பேரன் வந்து மோட்டார் பாடியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான், அடங்கவில்லை. கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார்கள். மறு முனையை, பாடியைத் தூக்குவதற்காக உச்சியில் நான் வைத்த கொக்கியில் மாட்டினேன். அங்கே பேத்தி தன் முந்தானை முனையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"பொண்ணு நல்லாப் பெருத்துப்போட்டா."

"அப்பிச்சி, யாருங்க அது?" என்றாள் பேத்தி.

"உன்னையெ இல்ல கண்ணு. மோட்டாரெச் சொல்றாங்க."

சீர் முடியும் வரைக்கும் நான் அவள் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. மோட்டாரின் முதுகு என்று சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அருமைக்காரர் சொல்லச் சொல்ல அவள் அங்கே ஒவ்வொன்றாகச் செய்தாள். முடிகிற நேரத்தில் குரல் உடைந்து, "தம்பி, முனையெ உட்டுறாதீடா" என்றாள். அவன் சிரிப்பு நின்றுபோனது. சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கொக்கி பாடியோடு லேசாக அவன் பக்கம் சாய்ந்தது. நான் தாங்கிக்கொண்டேன். சூடு வெறும் வெதுவெதுப்புத்தான். அந்த மோட்டார் தாராளமாக வண்டி ஏறலாம்.

தாலி நல்ல நேரத்திலேயே கட்டினார்கள்.

இப்போது கல்யாண வீடியோ வந்திருக்கிறது. கடைசியில் பேர்கள் ஓடுகின்றன. படம் பிடித்தவர், ட்ரோன் விட்டவர், முகத்துக்குப் பூச்சுப் போட்டவர், பூ கட்டியவர், ஐஸ்கிரீம் கொடுத்தவர்கூட இருக்கிறார். நான் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இணைச்சீர் வரும் இடத்தில் என் மோட்டார் பாடியே இல்லை. மேடைக்குப் பொருந்தவில்லை என்று வீடியோக்காரர் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருக்கிறார். என் பேத்தி பூச்சாடி மேல் உட்கார்ந்து சீர் செய்கிறாள். பூச்சாடியின் முதுகில் நான் காரணமே இல்லாமல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மருமகன் வேறு, வருகிறவர்களிடம் எல்லாம், "ஹீட் மேனேஜ்மெண்ட் பண்ணினோம்" என்கிறார். பண்ணினோமாம்.

பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாளைக்கு அது வளர்ந்து இந்த வீடியோவைப் பார்த்து, அம்மா எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கும். பூச்சாடி என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் குடும்பத்தார் அனைவருக்கும் எழுத்திலேயே தெரிவிக்கிறேன். பூச்சாடியை எடுத்துவிட்டு மோட்டார் பாடியை அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். தகடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசியில் ஓடும் பேர்களில், ஐஸ்கிரீம்காரருக்கு மேலே, "இணைச்சீரில் அக்காளின் உடம்பு: அப்பிச்சியின் வார்ப்பு" என்று ஒரு வரி போட வேண்டும். சேலை வழக்கைத் தீர்த்தது வீட்டம்மா. அவளுக்கும் ஒரு வரி போடுங்கள், எனக்கு அடுத்தபடியாக.