தெருவைப் பார்த்திருந்த திரை

இன்று பின்னேரம் நாலேகால். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் போன் கடை. வரிசையில் ஆறு பேர்.

பாரிசில் இருக்கும் ஈரானிய இயக்குநர் ஒருவர் பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். அதில், புருசன்மாரிடம் அடிவாங்கிய பெண்களைத் தெஹ்ரானில் ஒளித்து எடுத்த பேட்டிகள்.

மீட்டுவிட்டேன். தெருவைப் பார்த்திருந்த பெரிய திரையில் ஓடவிட்டேன்.

அவர் பாய்ந்து வந்து தன் கோட்டால் திரையை மூடினார். "முகங்களை இன்னும் மறைக்கவில்லை. அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்" என்றார் பிரெஞ்சில்.

"வேலை செய்யுதோ எண்டு பாக்கத்தானே போட்டனான்" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

வரிசையில் நின்ற அக்கா விடவில்லை. "உன்ரை அம்மா ஊரிலை இருந்து சாட்சி சொன்னாலும் இப்பிடி ரோட்டுக்குக் காட்டுவியோ?"

அவவுக்குப் பின்னால் நின்ற நீலத் தொப்பிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். கூப்பிடுவதற்குள் போய்விட்டார்.

இனி:

1. திரையைச் சுவர்ப்பக்கம் திருப்புவேன்.
2. அந்த மனுசனைத் தேடுவேன். அண்ணை, இதை வாசித்தால் அந்த வீடியோவை அழியுங்கோ. ஆளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. என்னைப் பிறகு திட்டலாம்.